செம்மண் படிந்த சின்ன லோரி

பால்மரத் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகள் பலருக்குக் கடையில் விற்கும் பொம்மை வண்டிகள் எட்டாக்கனியாக இருந்த காலம் ஒன்று உண்டு. அதனால் அவர்களின் விளையாட்டு நின்றுவிடவில்லை. காலியான சார்டின் டின் லோரியின் உடலாயிற்று. தேய்ந்துபோன ரப்பர்ச் சிலிப்பரை வட்டமாக வெட்டினால் சக்கரங்கள் கிடைத்தன. பழைய குடைக்கம்பி அச்சாக மாறியது. முன்புறத்தில் ஒரு கயிற்றைக் கட்டி லயத்து வாசலில் இழுத்துச் சென்றால், தோட்டத்துப் பால் லோரியையே ஓட்டுவது போன்ற மகிழ்ச்சி! செம்மண் பாதையில் இரண்டு சுற்றுச் சுற்றி வந்ததும் அந்த டின் லோரியும் பெரிய லோரியைப் போலவே புழுதி படிந்து சிவந்துவிடும்.

அதே விருப்பம் இன்று நுட்பமான ஒரு பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. உண்மையான வாகனம் ஒன்றைக் குறிப்பிட்ட அளவுவிகிதத்தில் சிறியதாக உருவாக்குவதை ‘மாதிரி வாகனம் செய்தல்’ என்பர். வாகனத்தைச் செய்து வண்ணம் பூசுவதோடு இக்கலை முடிந்துவிடுவதில்லை. வெயில், மழை, சேறு, உழைப்பு ஆகியவை அதன்மீது விட்டுச்சென்ற அடையாளங்களையும் தீட்டிக் காட்ட வேண்டும். இந்தப் பகுதியைக் ‘காலத்தடம் தீட்டுதல்’ எனலாம். புத்தம் புதிய பொம்மையாகத் தெரியும் ஒரு லோரியை, இருபது ஆண்டுகள் உழைத்த லோரியாக மாற்றுவது இந்தக் காலத்தடமே.

பெட்டிக்குள் வந்த வாகனம்

பாகங்களை ஒட்டிச் செய்யும் நெகிழி மாதிரிகள் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் உலகெங்கும் பரவின. 1939ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட ஏர்ஃபிக்ஸ் நிறுவனம், தொடக்கத்தில் காற்றடைத்த ரப்பர் பொம்மைகளைத் தயாரித்தது. 1949ஆம் ஆண்டில் அது பெர்குசன் டிராக்டரின் சிறிய மாதிரியைச் செய்தது. டிராக்டர் நிறுவனத்தின் விற்பனையாளர்கள் எடுத்துக்காட்டுவதற்காகவே அது முதலில் செய்யப்பட்டது. பின்னர் அதன் பாகங்களைத் தனித்தனியாகப் பெட்டியில் அடைத்துப் பொதுமக்களுக்கும் விற்றனர். வாங்கியவரே ஒட்டிச் சேர்க்க வேண்டும். உழவுத்தொழிலுக்கு உதவிய ஒரு வாகனமே இப்பொழுதுபோக்கின் முன்னோடிகளுள் ஒன்றாக அமைந்தது.

ஜப்பானின் ஷிசுவோக்கா நகரைச் சேர்ந்த தாமியா நிறுவனத்தின் கதையும் சுவையானது. 1946ஆம் ஆண்டில் மரம் அறுக்கும் தொழிலோடு தொடங்கிய அது, மரத்தாலான மாதிரிகளைச் செய்து, பின்னர் நெகிழிக்கு மாறியது. 1960களின் தொடக்கத்தில் ஒரு கவச வாகனத்தின் மாதிரியை அது உருவாக்கியது. உள்ளே சிறிய மின்பொறியும் மின்கலங்களும் அடங்க வேண்டும் என்பதற்காக அதன் அளவு முடிவு செய்யப்பட்டது. கணக்கிட்டுப் பார்த்தபோது அது உண்மை வாகனத்தில் ஏறக்குறைய 35இல் ஒரு பங்காக இருந்தது. மின்கலத்தின் பருமனால் பிறந்த அந்த 1:35 என்னும் விகிதமே, இன்று இராணுவ வாகன மாதிரிகளுக்கு உலகெங்கும் பயன்படுகிறது.

மாதிரிகளுக்குப் பழமைத் தோற்றம் கொடுக்கும் முறைகள் 1970களிலும் 1980களிலும் பெரிதும் வளர்ந்தன. அமெரிக்காவின் ஷெப் பெயின், பெல்ஜியத்தின் பிரான்சுவா வெர்லிண்டன் ஆகியோரின் படைப்புகளும் நூல்களும் அம்முறைகளைப் பலருக்குக் கற்பித்தன. திரைப்படத் துறையும் இதனைப் பயன்படுத்திக்கொண்டது. 1977ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் விண்கலங்களைச் செய்தவர்கள், கடையில் விற்ற மாதிரி வாகனப் பெட்டிகளை வாங்கி, அவற்றிலிருந்த சிறு பாகங்களை விண்கலங்களின்மீது ஒட்டினர். பிறகு எண்ணெய்க் கறையும் புகைக்கறையும் தீட்டினர். நாள்பட உழைத்த கலங்கள் போலத் தெரிந்ததால்தான் பார்வையாளர்கள் அவற்றை உண்மையென நம்பினர்.

அளவே அடிப்படை

மாதிரி வாகனத்தின் உயிர்நாடி அளவுவிகிதம். 1:35 என்றால், உண்மை வாகனத்தின் 35 சென்டிமீட்டர், மாதிரியில் 1 சென்டிமீட்டராகக் குறையும் என்பது பொருள். 5.6 மீட்டர் நீளமுள்ள ஒரு லோரியை எடுத்துக்கொள்வோம். 560 சென்டிமீட்டரை 35ஆல் வகுத்தால் 16 சென்டிமீட்டர் கிடைக்கும். அதே லோரியை 1:24 விகிதத்தில் செய்தால் அதன் நீளம் ஏறக்குறைய 23 சென்டிமீட்டர்; 1:72 விகிதத்தில் செய்தால் 8 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. 175 சென்டிமீட்டர் உயரமுள்ள ஓட்டுநர், 1:35 விகிதத்தில் 5 சென்டிமீட்டர் உயரமே இருப்பார்.

எந்த விகிதத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது பொருளின் அளவைப் பொறுத்தது. பேராக்கின் தஞ்சோங் துவாலாங்கில் ஈயம் தோண்டிய பெரிய தூர்வாரிக் கப்பல் ஒன்று உள்ளது. 1938ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அதன் நீளம் 75 மீட்டர். எடை 4,500 டன். 1:35 விகிதத்தில் அதைச் செய்தால் அது 2 மீட்டருக்கும் மேல் நீண்டு, வரவேற்பறையையே அடைத்துக்கொள்ளும். 1:350 விகிதத்தில் செய்தால் 21 சென்டிமீட்டர் நீளத்தில் மேசையின் ஓர் ஓரத்தில் அடங்கிவிடும்.

அளவுவிகிதம் வாகனத்திற்கு மட்டுமன்றி அதன்மீதுள்ள கீறலுக்கும் பொருந்தும். தொடக்க நிலையில் உள்ளவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகின்றனர். மாதிரி லோரியின் கதவில் 5 மில்லிமீட்டர் நீளத்திற்கு ஒரு கீறலைத் தீட்டினால் அது நமக்குச் சிறியதாகத் தோன்றும். உண்மை லோரியில் அது 17.5 சென்டிமீட்டர் நீளமுள்ள பெருங்கீறலுக்குச் சமம்! எனவே, தூரிகையைத் தொடும் முன்னர் மனத்துக்குள் 35ஆல் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் தேவை.

படிப்படியாகச் செய்யும் முறை

பெட்டியில் வரும் பாகங்கள் ஒரு நெகிழிச் சட்டத்தோடு இணைந்திருக்கும். சிறிய வெட்டுக்குறடால் அவற்றை வெட்டி எடுத்து, பிசிறுகளை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். ஒட்டும் முன்னர் பாகங்களைப் பொருத்திப் பார்ப்பது நல்லது. இதற்கென உள்ள பசை, நெகிழியின் மேற்பரப்பைச் சற்றுக் கரைத்து இரண்டு பாகங்களையும் ஒன்றாக்கிவிடும். அதனால் தவறாக ஒட்டியதைப் பிரித்தெடுப்பது கடினம்.

ஒட்டி முடித்ததும் அடிப்பூச்சு பூசப்படும். அதன்மீதுதான் மற்ற வண்ணங்கள் நன்கு பிடித்துக்கொள்ளும். வண்ணம் உரிந்து துரு எட்டிப் பார்ப்பது போல் காட்டுவதற்கு ஓர் எளிய வழி உண்டு. முதலில் துருவின் பழுப்பு நிறத்தைப் பூசி உலர விட வேண்டும். அதன்மீது முடியைப் படிய வைக்கப் பயன்படும் தெளிப்பானை மெல்லியதாகத் தெளிக்க வேண்டும். அதற்கும் மேலே நீரில் கரையும் வகை வண்ணத்தை லோரியின் உடல் நிறமாகப் பூச வேண்டும். அது உலர்ந்ததும், நீரில் நனைத்த தூரிகையால் வேண்டிய இடத்தில் மெதுவாகத் தேய்த்தால், இடையிலுள்ள தெளிப்பான் படலம் நீரில் கரையும். மேல் வண்ணம் செதில் செதிலாக உரிந்து, அடியிலுள்ள துரு நிறம் வெளிப்படும். உண்மையான லோரியில் வண்ணம் உரிவதும் இப்படி மேலிருந்து கீழ்நோக்கித்தான்.

அடுத்து, அடர்பழுப்பு எண்ணெய் வண்ணத்தை மிகவும் நீர்க்கக் கலந்து, கதவின் இடுக்குகளிலும் ஆணிகளைச் சுற்றியும் ஓட விடுவர். அது பள்ளங்களில் தேங்கி, அழுக்குச் சேர்ந்தது போன்ற நிழலைத் தரும். பின்னர், தூரிகையில் உள்ள வண்ணத்தைத் துணியில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, மேடான விளிம்புகளில் மட்டும் இலேசாகத் தடவுவர். கைபட்டுத் தேய்ந்த விளிம்புகள் பளிச்செனத் தெரியும். சிறு பஞ்சுத்துண்டின் நுனியை வண்ணத்தில் தோய்த்து ஒற்றினால், கல் தெறித்த புள்ளிகள் கிடைக்கும். இறுதியாக, சுண்ணக்கட்டியைத் தேய்த்தெடுத்த தூளோ மெல்லிய துணியில் சலித்த மண்ணோ புழுதியாகத் தூவப்படும்.

விலையுயர்ந்த பெட்டிகளை வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. பழைய விளையாட்டு மகிழுந்து ஒன்றே பயிற்சிக்குப் போதும். ஐஸ்கிரீம் குச்சிகள் லோரியின் பலகைத் தட்டாகும். நீர்க்கக் கலந்த கருப்பு வண்ணம் அவற்றிற்கு வெயிலில் வெளுத்த மரத்தின் சாம்பல் நிறத்தைக் கொடுக்கும். எதைப் பயன்படுத்தினாலும் பாதுகாப்பை மறக்கக் கூடாது. கத்தியை உடலுக்கு எதிர்ப்புறமாகவே செலுத்த வேண்டும். பசை, எண்ணெய் வண்ணம், தெளிப்பான் ஆகியவற்றை நெருப்புக்கு அருகில் வைக்காமல், காற்றோட்டமான இடத்தில் முகக்கவசம் அணிந்து, பெரியவர்களின் கண்காணிப்பில் பயன்படுத்த வேண்டும்.

பேராக்கின் மண்ணும் மழையும்

காலத்தடம் தீட்டுபவர் தாம் செய்யும் வாகனம் எந்த ஊரில் ஓடியது என்பதை அறிந்திருக்க வேண்டும். பாலைவனத்தில் ஓடிய லோரியும் பால்மரக் காட்டில் ஓடிய லோரியும் ஒரே வகையில் பழையதாவதில்லை.

பேராக்கின் தோட்டச் சாலைகள் பல செம்மண் சாலைகள். அம்மண்ணின் சிவப்புக்குக் காரணம் அதிலுள்ள இரும்பு ஆக்சைடு. இரும்பு, காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் நீரோடும் சேரும்போது உண்டாகும் துருவும் ஒரு வகை இரும்பு ஆக்சைடுதான். ஆகவே, தோட்டத்து லோரியின் அடிப்பகுதியில் படிந்த மண்ணையும் அங்குப் பிடித்த துருவையும் தொலைவிலிருந்து பிரித்தறிவது கடினம். அருகில் சென்று பார்த்தால் வேறுபாடு புலப்படும். புழுதி மங்கலாகப் பரவியிருக்கும். மழை பெய்தால் கரைந்து ஓடும். துரு ஒரே இடத்தில் ஊன்றி, புதியதாயின் செம்மஞ்சளாகவும் பழையதாயின் கரும்பழுப்பாகவும் இருக்கும்.

ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் குன்றுகள் நிற்கின்றன. அக்குன்றுகளில் கல் உடைக்கும் இடங்களுக்குச் சென்றுவரும் லோரிகளின்மீது வெண்சாம்பல் நிறத் தூள் மாவு போலப் படிகிறது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களைச் சுற்றியோ வெளிறிய மணல்மேடுகள் இருந்தன. ஒரே ஆண்டில், ஒரே ஆலையில் செய்யப்பட்ட மூன்று லோரிகளுள் ஒன்று தோட்டத்திற்கும், ஒன்று கல்லுடைக்கும் இடத்திற்கும், ஒன்று சுரங்கத்திற்கும் சென்றிருந்தால், அவை மூன்று நிறங்களில் திரும்பி வந்திருக்கும்.

மழையும் தன் பங்கைச் செய்கிறது. ஈப்போவில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. தைப்பிங்கில் அதனினும் மிகுதி. லோரியின் கூரையில் விழும் மழைநீர் கதவின் வழியே ஓடும்போது புழுதியையும் துருவையும் இழுத்துக்கொண்டு செல்லும். அதனால் மழைத்தடங்கள் எப்போதும் மேலிருந்து கீழாகச் செல்லும். கடும் வெயில் கூரையையும் இயந்திர மூடியையும் முதலில் வெளுக்கச் செய்யும். சேறு சக்கரங்களுக்குப் பின்னால் தெறிக்கும். புகைபோக்கியின் வாயருகே கரி படியும். ரப்பர்ப் பால் சிந்திய இடம் முதலில் வெண்மையாக இருக்கும். காய்ந்த பின்னர் மஞ்சளாகி, நாளடைவில் பழுப்பாகும். ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் உண்டு. காரணம் தெரியாமல் தீட்டப்படும் கறை, பார்ப்பவர் கண்ணுக்கு வெறும் அழுக்காகவே தெரியும்.

துருப்பிடிக்காத வாகனம்

காரணம் அறிந்து தீட்ட வேண்டும் என்பதற்கு லேண்ட் ரோவர் நல்ல எடுத்துக்காட்டு. 1948ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆம்ஸ்டர்டாமில் நடைபெற்ற மோட்டார் கண்காட்சியில் இவ்வாகனம் முதன்முதலாக அறிமுகமானது. போருக்குப் பின்னர் இங்கிலாந்தில் எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்ததால், அதன் உடற்பகுதிகளுள் பெரும்பாலானவை அலுமினியக் கலவையால் செய்யப்பட்டன. அடிச்சட்டம் எஃகால் அமைந்தது.

அதே ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிருவாகிகள் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டு வரை அது நீடித்தது. அக்காலத்தில் தோட்டச் சாலைகளில் பயணம் செய்வது உயிரைப் பணயம் வைப்பதற்கு ஒப்பாக இருந்தது. தோட்ட நிருவாகிகள் சிலர் தங்கள் வாகனங்களில் தடித்த எஃகுத் தகடுகளைப் பொருத்திக்கொண்டனர். தொழிலாளர்களின் குடியிருப்புகள் பல முள்வேலிக்குள் அடங்கின.

அக்காலத்து லேண்ட் ரோவர் ஒன்றை மாதிரியாகச் செய்பவர், கதவிலும் முன்சக்கரக் காப்பிலும் பழுப்புத் துருவைத் தீட்டினால் அது பிழையாகும். அலுமினியம் இரும்பைப் போல் சிவந்து துருப்பிடிப்பதில்லை. வண்ணம் உரிந்த இடத்தில் மங்கிய வெள்ளி நிறமே தெரியும். ஆனால், அதே வாகனத்தில் பின்னர் பொருத்திய எஃகுத் தகட்டின் ஓரங்களில் துருக்கோடுகள் வழிந்திருக்கலாம். எங்கே துரு இருக்கிறது, எங்கே இல்லை என்பதைச் சரியாகக் காட்டினால் போதும். போர் முடிந்த காலத்தின் எஃகுத் தட்டுப்பாடும் அவசரகாலத்தின் அச்சமும் அந்தப் பத்து சென்டிமீட்டர் வாகனத்தில் பதிந்துவிடும்.

தாத்தாவின் லோரி

கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஈப்போவில் படிக்கும் மாணவி ஒருத்திக்கு மாதிரி வாகனம் செய்வதில் ஆர்வம். அவளுடைய தாத்தா, சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பல்லாண்டுகள் பால் லோரி ஓட்டியவர். அவருடைய பிறந்தநாளுக்கு அந்த லோரியையே செய்து கொடுக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்கிறாள். வீட்டில் கிடைத்தது மங்கிய கருப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்று மட்டுமே. மூன்று வாரங்கள் பாடுபட்டு லோரியைச் செய்து முடிக்கிறாள். தான் கற்ற நுட்பங்கள் அனைத்தையும் அதன்மீது காட்டுகிறாள். கூரையில் துரு, கதவில் துரு, முகப்பில் துரு. உடைந்த விளக்கு வேறு. பார்ப்பதற்கு மிகவும் பழைய லோரியாகவே இருக்கிறது.

தாத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்க்கிறார். பிறகு தயங்கியபடி, “அழகாத்தான் செஞ்சிருக்கே, கண்ணு. ஆனா, இது ஓடுன லோரி இல்லையே. ஓட்டாம காட்டுல போட்ட லோரி மாதிரி இருக்கு” என்கிறார்.

பேத்தியின் முகம் வாடிவிடுகிறது. “பழைய லோரின்னா துரு இருக்கும்தானே, தாத்தா?” என்று கேட்கிறாள்.

“இருக்கும். ஆனா, நான் இருக்க விட்டதில்லை. மத்தியானம் ஆலையில பாலை இறக்கிட்டு, நேரே தண்ணிக் குழாய்க்குத்தான் போவேன். சிந்துன பால் காய்ஞ்சு போச்சுன்னா லேசுல போகாது. தேங்காய் நாரு வச்சித் தேய்ப்பேன். எங்காவது பெயிண்டு விட்டுப்போனா ஸ்டோர்ல கேட்டு வாங்கிப் பூசிடுவேன். பூசுன இடம் மட்டும் பச்சையாத் தனியாத் தெரியும். லோரி நின்னுட்டா வெட்டுன பாலெல்லாம் கெட்டியாயிடும். அத்தனை பேரு உழைப்பும் வீணாப் போயிடும். அதனால வண்டியை அப்படிப் பார்த்துக்கிட்டேன்.”

அவள் குறிப்பேட்டை எடுத்துவருகிறாள். அதன்பிறகு கேள்விகள் தொடர்கின்றன. எந்தப் பக்கம் அதிகமாகத் தேய்ந்திருந்தது? ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம் இருந்ததால், அந்தக் கதவின் படிதான் அதிகம் தேய்ந்திருந்தது என்கிறார் தாத்தா. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் இறங்கி ஏறியிருக்கிறார். கதவுச் சன்னலின் விளிம்பில் ஒரு கையளவு இடத்தில் வண்ணமே இல்லாமல் தகடு பளபளக்குமாம். அது அவர் முழங்கையை ஊன்றி ஓட்டிய இடம்.

சமையலறையிலிருந்து பாட்டியும் வந்து சேர்ந்துகொள்கிறார். “பின்பக்கத்துத் தொட்டி விளிம்பை விட்டுட்டீங்களே? நாங்க பால்வாளியைத் தூக்கித் தூக்கி ஊத்துன இடம். வாளி இடிச்சி இடிச்சி அந்த ஓரமெல்லாம் நசுங்கிப்போயிருக்கும். ஒரு வாளி என்ன கனம் கனக்கும் தெரியுமா?” என்கிறார். தாத்தா சிரிக்கிறார். அந்த நசுங்கலைச் சரிசெய்யத் தம்மால் முடியவே இல்லை என்று ஒப்புக்கொள்கிறார்.

மாணவி மீண்டும் அடிப்பூச்சிலிருந்து தொடங்குகிறாள். இம்முறை கூரையில் துரு இல்லை. வெயிலில் வெளுத்த பச்சை மட்டுமே. அதன் நடுவே, பின்னர் பூசிய இரண்டு திட்டுகள் சற்று அடர்த்தியாகத் தெரிகின்றன. அடிப்பகுதியில் அன்றைய பயணத்தின் செம்மண் மட்டும் படிந்திருக்கிறது. வலப்பக்கப் படியில் வண்ணம் தேய்ந்துள்ளது. சன்னல் விளிம்பில் 3 மில்லிமீட்டர் நீளத்திற்கு வெள்ளி நிறம். தொட்டியின் பின்விளிம்பைச் சூடாக்கிய ஊசியால் மெதுவாக அழுத்தி, சிறு சிறு நசுங்கல்களை உண்டாக்குகிறாள். முதலில் செய்ததைவிட மிகக் குறைவான அடையாளங்கள்தாம் இதில் உள்ளன. ‘அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு’ என்னும் பழமொழி வண்ணத்திற்கும் பொருந்தும் என்பதை அவள் உணர்ந்துகொள்கிறாள்.

அவள் முதலில் செய்தது, எந்த லோரியாகவும் இருந்திருக்கக்கூடிய பழைய லோரி. இரண்டாவதாகச் செய்ததோ, ஒருவர் நாள்தோறும் கழுவிப் பேணிய லோரி. பலர் விடியலில் எழுந்து சேகரித்த பாலைச் சுமந்த லோரி. தாத்தாவின் அக்கறையை அவள் துருவால் மறைத்திருந்தாள். கேட்டறிந்த பின்னர்தான் அது வெளியே வந்தது.

மறையும் தடங்கள்

பேராக்கிற்கும் பால்மரத்திற்கும் நீண்டகாலத் தொடர்பு உண்டு. 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்றெனக் கருதப்படும் மரம் இன்றும் அந்நகரில் பாதுகாக்கப்படுகிறது. பின்னர், இருபதாம் நூற்றாண்டில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழர்கள் பலர் அத்தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர்.

1950களில் பெரிய தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. வேலையையும் வீட்டையும் ஒருசேர இழக்கும் நிலை தொழிலாளர்களுக்கு ஏற்பட்டது. தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்க வேண்டும் என்னும் நோக்கத்தோடு, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஆயினும், காலப்போக்கில் பால்மரங்கள் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனை வளர்ந்தது. வேறு சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. லயங்கள் இடிக்கப்பட்டன. மக்கள் ஈப்போ போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர்.

தஞ்சோங் துவாலாங்கின் தூர்வாரிக் கப்பல் 1982ஆம் ஆண்டில் தன் வேலையை நிறுத்திய பின்னரும், பார்வையாளர்கள் காணும் வகையில் பாதுகாக்கப்பட்டுள்ளது. அதன் வாளிகளிலும் இரும்புச் சட்டங்களிலும் உள்ள துருவை நேரில் பார்ப்பது காலத்தடம் தீட்டுவோருக்குச் சிறந்த பாடம். தோட்டத்துப் பால் லோரிகளுக்கோ அந்தப் பேறு பெரும்பாலும் கிடைக்கவில்லை. ஓடி ஓய்ந்த லோரிகள் பழைய இரும்பாக எடைக்குப் போயின. அவற்றைக் குறித்த செய்திகளுள் பெரும்பகுதி இன்று அவற்றை ஓட்டியவர்களின் நினைவிலும், அவற்றில் பால் ஊற்றியவர்களின் நினைவிலும் மட்டுமே உள்ளது. அந்த லோரியின் நிறம் என்ன, எந்த ஓரம் நசுங்கியிருந்தது என்பவற்றை அவர்களிடம் இப்போது கேட்காவிட்டால், பின்னர் கேட்பதற்கு யாரும் இருக்கமாட்டார்கள்.

பொறுமை, கணக்கறிவு, அறிவியல் அறிவு, கைத்திறன் ஆகியவற்றை வளர்க்கும் பொழுதுபோக்குகள் பல உள்ளன. மாதிரி வாகனம் செய்தல் அவற்றோடு பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்கும் பழக்கத்தையும் சேர்த்துத் தருகிறது. ஆர்வமுள்ள மாணவர்கள் பழைய பொம்மை லோரி ஒன்றையும் ஒரு குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு தொடங்கலாம். முதலில் பூச வேண்டிய வண்ணத்தைத் தேடுவதற்கு முன்னர், வீட்டிலுள்ள தாத்தா பாட்டியின் அருகில் அமர்ந்து ஒரு கேள்வியைக் கேட்கலாம்: “அந்தக் காலத்துல நம்ம தோட்டத்துல என்ன வண்டி ஓடுச்சு?”